புத்தகக் கடை வாசிப்பு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

போன மாதம் ஒரு புத்தகக் கடையில் வாசிப்புக் கூட்டம். ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். எல்லாருமே சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள். மூன்றாவதாக வந்த பெண் நன்றாக எழுதக்கூடியவர், அந்தத் தொகுப்பை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். கதை பாதியைக்கூடத் தாண்டவில்லை. “இன்னும் கொஞ்சந்தான்” என்று சொல்லி இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார். ஒரு பத்தி வாசித்தார். மறுபடி நான்கு பக்கங்களைத் தள்ளினார். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மாமனார், அடுத்த வரியில் செத்து மூன்று நாளாகியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பக்கத்தில் யாரோ சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தவறை அதைவிட மோசமாகச் செய்தவன் நான்.

மைக்கைத் தட்டிப் பார்ப்பது, தாமதமாக வருவது, தலை நிமிராமல் முணுமுணுப்பது இதெல்லாம் இங்கே இல்லை. செய்யும்போதே தவறென்று தெரிகிற விஷயங்கள் அவை. செய்து முடித்து, வீட்டுக்கும் வந்து, அப்போதும் தெரியாதவற்றைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பது

என் முதல் வாசிப்பில் நாங்கள் ஐந்து பேர். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்குப் பிறகு ஒரே ஒருவர்தான், வயதான கவிஞர், வெகு தூரத்திலிருந்து வந்திருந்தார். நான் என் சிறுகதைத் தொகுப்பைப் பிரித்தேன். பதினொரு பக்கக் கதை. பதினொரு பக்கம் என்ன பெரிய நீளம் என்ற நினைப்பு. வீட்டில் மனதுக்குள் படித்துப் பார்த்தபோது பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மேடையில் 27 நிமிடம் ஆனது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கண்ணின் வேகம் வேறு, வாயின் வேகம் வேறு. கேட்பவருக்குப் புரியும்படி நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்கு 85 சொல், மிஞ்சினால் 90. என் புத்தகம் டெமி அளவு, பக்கத்துக்குச் சுமார் 200 சொல். பத்து நிமிடத்தில் நான்கு பக்கம், அவ்வளவுதான் முடியும். உங்கள் வேகம் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் பதினொரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் வாசிக்க யாராலும் முடியாது.

நான் முடித்தபோது கடைக்காரர் பின்வரிசை விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருந்தார். ஐந்து கவிதைகளோடு வந்த அந்தப் பெரியவர் எழுந்து, இருந்ததிலேயே சின்னதாக ஒன்றை வாசித்து, மற்ற தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் உறுத்தாது.

வெளியே வரும்போது கடைக்காரர் என்னிடம், “தம்பி, நல்ல கதைதான். அந்தப் பல்லி எப்ப வந்துச்சுன்னுதான் புரியல” என்றார்.

அந்தப் பல்லியில்தான் என் தவறின் இன்னொரு பாதி இருக்கிறது. கதையில் ஒரு வாக்கியம் இப்படிப் போகும்: ‘மழை நின்ற பிறகும் கூரையிலிருந்து சொட்டிய நீரைப் பிடிப்பதற்காக அம்மா வைத்துவிட்டுப் போன பித்தளைக் குண்டானுக்குள் இரவு முழுவதும் நீந்திக் களைத்துக் கிடந்த பல்லியை அவன் பார்த்தான்.’ எழுதும்போது பெருமையாக இருந்தது. கண்ணால் படிப்பவருக்கும் சிக்கல் இல்லை. தடுமாறினால் ஒரு வரி மேலே போய்விட்டு வரலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. மழை, கூரை, நீர், அம்மா, குண்டான், இரவு என்று ஒவ்வொன்றையும் கையில் ஏந்திக்கொண்டு, யாரைப் பற்றிய பேச்சு இது என்று கேட்பவர் காத்திருக்கிறார். பல்லி வருவதற்குள் கை நிறைந்து, எல்லாம் கீழே விழுந்துவிடுகிறது. நம் மொழியில் பெயரெச்சத்தை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு போகலாம். அந்தச் சுகத்துக்கு வாசிப்பு மேடையில்தான் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

உரையாடலிலும் இதே கதை. ‘“இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், மிதிச்சாலும் உங்க கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள் அண்ணி.’ அச்சில் மேற்கோள் குறி இருக்கிறது, யாரோ பேசத் தொடங்கிவிட்டார் என்று கண்ணுக்குத் தெரியும். காதில் விழுவது வெறும் குரல். பேசுவது அண்ணியா அம்மாவா என்று கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. வாசிக்கும் பிரதியில் இதைப் புரட்டிப் போடுங்கள். ‘அண்ணி செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.’ பிறகு பேச்சு. ‘என்றாள்’கூடத் தேவையில்லை.

காதுக்குக் கேட்காத இன்னும் சில: காலம் தாவுவதைக் காட்ட நடுவில் போடும் மூன்று நட்சத்திரங்கள், நினைவோட்டத்துக்கான சாய்ந்த எழுத்து, அடைப்புக்குறி, புதுப் பத்தி. நட்சத்திரம் இருக்கும் இடத்தில் ‘மறுநாள் காலை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அழகில் குறைச்சல்தான். ஆனால் செத்த மாமனார் மறுபடி காபி கேட்க மாட்டார்.

இதைச் சொன்னால் புதியவர்களில் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “என் எழுத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது.” இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குச் சுர்ரென்று ஏறுவது இந்த இடத்தில்தான். அச்சுப் பிரதியை யார் தொடச் சொன்னார்கள்? அது கடை அலமாரியில் அப்படியே இருக்கும். கேட்க வந்தவர்களுக்காக இன்னொரு பிரதி தயார் செய்யுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் கிறிஸ்துமஸ் கரோல் கதையை 1853 டிசம்பரில் பர்மிங்காமில் பொதுமக்களுக்கு வாசித்தபோது மூன்று மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு அதை வெட்டிக்கொண்டே வந்தார். புத்தகத்தின் பக்கங்களைப் பிரித்துப் பெரிய தாள்களில் பொருத்தி, ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு, பத்தி பத்தியாகக் கோடிட்டு நீக்கி, குரல் மாற வேண்டிய இடங்களை ஓரத்தில் குறித்த அவருடைய பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. நேரம் சுமார் பாதியாகக் குறைந்தது. 1870 மார்ச் 15 அன்று லண்டனில் அவர் கடைசியாக மேடையேறியபோது வாசித்தவற்றிலும் அந்தக் கதை இருந்தது, வெட்டிய வடிவில். அவருக்கு இல்லாத பிடிவாதம் நமக்கு எதற்கு?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வாசிக்கப்போகும் பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்து, 16 புள்ளி எழுத்தில், இரட்டை வரி இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாள்களில் வைத்துக்கொள்கிறேன். தாள்களைச் சேர்த்துப் பின் அடிப்பதில்லை. முடித்த தாளைச் சத்தமில்லாமல் ஒதுக்க வேண்டும் அல்லவா? பக்க எண் மட்டும் கட்டாயம். ஒருமுறை எண் போடாத தாள்கள் கையிலிருந்து நழுவின, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு வாக்கியம் இந்தத் தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக் கூடாது. என் நாக்கு ழகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் இடறும், அந்தச் சொற்களுக்குக் கீழே கோடு போட்டுவிடுகிறேன். சிலவற்றுக்கு வேறு சொல்லே போட்டுவிடுகிறேன்.

பிறகு நின்றுகொண்டு வாய்விட்டு வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்து, நேரம் பார்ப்பது. உட்கார்ந்து வாசித்தால் மூச்சும் வேகமும் வேறாக இருக்கும். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்துக்குத்தான் தயார் செய்கிறேன். பெயர் சொல்லி அழைத்து, எழுந்து போய், வணக்கம் சொல்வதற்கே ஒரு நிமிடம் போய்விடும். யாராவது சிரித்தால் அந்தச் சிரிப்பு அடங்கவும் நேரம் வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கவிஞர் கற்றுக்கொடுத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தினாலும் முடிந்ததுபோல் இருக்கும் ஒரு வரியைத் தேடிப் பிடித்து, அங்கே சிவப்பில் ‘இங்கே நிறுத்தலாம்’ என்று எழுதிவைக்கிறேன். எனக்கு முன்னால் வாசிப்பவர் என்னைப்போல ஆளாக இருந்தால், என்னுடைய நேரத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வருபவருக்கு விட்டுவிடலாம். இதுவரை மூன்று முறை பயன்பட்டிருக்கிறது.

அந்தக் கடையிலிருந்து எனக்கு மறுபடி அழைப்பு வர ஒன்றரை வருடம் ஆனது. அன்று விற்றது ஒரே ஒரு பிரதி, வாங்கியது என் நண்பன்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது

நாவலின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் ஊரையும் ஆட்களையும் அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும். முந்நூறு பக்கம் கூட வரப்போகிறவருக்கு அது வேண்டும். எட்டு நிமிடம் மட்டுமே இருக்கப்போகிறவருக்கு வேண்டாம். இரண்டு பேர், ஓர் இடம், ஒரு பிடுங்கல், அப்படி ஒரு காட்சியை நடுவிலிருந்து எடுங்கள். முன்கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் காட்சி வாசிப்புக்கு ஆகாது. வேறொன்று தேடுங்கள். முன்கதை சொல்லியே ஆறு நிமிடத்தைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வந்தவர்களிடம் வராதவர்களைப் பற்றிப் புலம்புவது

“இன்னும் நிறையப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன்.” ஏழு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஏழு பேரும் போதவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறோம். நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டு, மைக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் சொல்வதுபோல வாசியுங்கள். எனக்கு அமைந்த நல்ல வாசிப்புகளில் இரண்டு, பத்துப் பேருக்கும் குறைவாக வந்தவை.

கடைக்குள் நின்றுகொண்டு இணையத்தில் வாங்கச் சொல்வது

வாசித்து முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, “புத்தகம் இணையத்தில் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்” என்று அறிவிப்பவர்கள் உண்டு. உதவி செய்வதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இடம், விளக்கு, நாற்காலி எல்லாம் கடைக்காரருடையது, அந்த ஒரு மணி நேரம் வியாபாரத்தையும் நிறுத்திவைத்திருப்பார். கல்லாவுக்குப் பின்னால் அப்போது அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். கையில் புத்தகம் வைத்திருந்த இருவர் அதைத் திரும்ப அலமாரியில் வைத்ததையும் பார்த்தேன். யாராவது கேட்டால் சொல்லுங்கள், அதுவும் வாசலுக்கு வெளியே.

கைப்பேசியைப் பார்த்து வாசிப்பது

நடுவில் ஓர் அழைப்பு வரும்.

உங்கள் முறை முடிந்ததும் நழுவுவது

வேண்டாம். அந்தக் கவிஞர் என்னுடைய 27 நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டார்.

பெயரைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது

தெரிந்த பெயர்தானே என்று எழுதிவிடுவோம். சரவணனுக்கு இரண்டு சுழி ன போட்டால் அந்தப் பிரதியை அவரும் வைத்துக்கொள்ள மாட்டார், வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. ஒரு துண்டுத் தாளில் அவரையே எழுதித் தரச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

சீட்டு இல்லாமல் பிரதிகளை விட்டுவிட்டு வருவது

கூட்டம் முடிந்ததும் கடைக்காரர், “பத்துப் பிரதி வச்சிட்டுப் போங்க, வித்துத் தர்றேன்” என்பார். மனம் நிறைந்திருக்கும் நேரம், கணக்குப் பேசக் கூச்சமாக இருக்கும். பேசுங்கள். எத்தனை பிரதி, கடைக்கு நூற்றுக்கு எவ்வளவு கழிவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, விற்காததை யார் செலவில் திருப்புவது, அழுக்கானால் யார் பொறுப்பு. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் போதும். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் எந்த அலமாரியில் யார் புத்தகம் என்பது மறக்கத்தானே செய்யும்.

நான் ஒரு கடையில் 15 பிரதிகளை வாய்வார்த்தையாக வைத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்துப் போனபோது கடை கைமாறியிருந்தது. புதியவர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், உங்க கிட்ட ஏதாவது சீட்டு இருக்கா?” என்று கேட்டார். இல்லை. பழைய பதிவேட்டிலும் என் பெயர் இல்லை. திரும்பும் வழியில் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே, என் தொகுப்பில் ஒன்று செருகியிருந்தது. முதல் பதிப்பில் என்னிடம் ஒரு பிரதியும் மிச்சமில்லை. எடுத்துப்போய்க் கல்லாவில் கொடுத்து, காசு கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். தள்ளுபடிகூடக் கேட்கவில்லை.