தரையிலிருந்து இழுக்கும் பார்பெல் ரோ

நெல்லைச் சீமையின் உடற்பயிற்சிக் கூடங்களில், பாளையங்கோட்டையானாலும் அம்பாசமுத்திரமானாலும், மார்புக்கும் புஜத்துக்கும் கிடைக்கும் கவனம் முதுகுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். முதுகுக்கென்று பாரை, அதாவது இருபுறமும் எடைத்தட்டுகளை (பிளேட்) மாட்டும் நீண்ட இரும்புக் கம்பியை, எடுப்பவர்களும் இடுப்பை உலுக்கி எடையை மேலே ஏற்றிவிடுவதால், முதுகுத் தசைகள் செய்ய வேண்டிய வேலையை உடலின் வேகம் செய்துவிடுகிறது. அமெரிக்கப் பளுதூக்கும் பயிற்சியாளர் கிளென் பெண்ட்லேயின் பெயரால் வழங்கும், குனிந்து நின்று பாரைத் தரையிலிருந்து நெஞ்சுக்கு இழுக்கும் பெண்ட்லே ரோவில் இதற்கு இடமில்லை. ஒவ்வொரு முறையும் பார் தரையில் அமர்ந்து அசைவற்று நின்ற பிறகே அடுத்த இழுப்பு தொடங்க வேண்டும்.

முதலில் பாரின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். போட்டித் தரப் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் பாரின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நம் ஊர்ச் சிறிய கூடங்களில் உள்ள சின்ன இரும்பு பிளேட்டுகளை மாட்டினால் பார் அதைவிடத் தாழ்ந்துவிடும்; அதை எட்டிப் பிடிக்கக் குனியும்போது கீழ்முதுகு வளையும். இருபுறமும் பிளேட்டுகளுக்கு அடியில் ஒரே உயரமுள்ள, உருளாத மரக்கட்டைகளை வைத்தால் இந்தக் குறை தீரும்.

பார் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே இருக்குமாறு, கால்களை இடுப்பளவு அகட்டி நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, உடல் ஏறத்தாழத் தரைக்கு இணையாக வரும்போது, உள்ளங்கை உடலை நோக்கியிருக்கத் தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாகப் பாரைப் பிடிக்கவும். முதுகு நேராகவும், பார்வை சற்று முன்னால் தரையிலும் இருக்கட்டும். மூச்சை ஆழமாக இழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டு, முழங்கைகளைப் பின்னோக்கிச் செலுத்தி, பார் நெஞ்சின் அடிப்பகுதியைத் தொடும்வரை விரைவாக இழுக்கவும். பிறகு பாரைக் கட்டுப்பாட்டோடு இறக்கித் தரையில் வைத்து, மூச்சை விட்டு, மீண்டும் இழுத்து அடுத்ததைத் தொடங்கலாம்.

இழுக்கும்போது மேலுடல் நிமிர்ந்தால் எடை அதிகம் என்று பொருள். தயங்காமல் குறைக்க வேண்டும். பக்கவாட்டில் ஒருவரை நின்று கைப்பேசியில் படமெடுக்கச் சொன்னால் இது தெளிவாகத் தெரிந்துவிடும். ஐந்து முதல் எட்டு முறை கொண்ட மூன்று செட்டுகள் தொடக்கத்துக்குப் போதும். எல்லா முறையும் உடல் நிமிராமல் முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டலாம். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளங்கை வியர்த்துப் பிடி நழுவும் என்பதால் துண்டும் சாக் பவுடரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டிஸ்க் கோளாறோ நாள்பட்ட இடுப்பு வலியோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அவர்கள் சாய்வு பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு டம்பெல் இழுப்பது கீழ்முதுகுக்குச் சுமை குறைந்த வழியாகும்.