இலவச விறகு: குட்டி யானைக்குச் சொல்லிவிடும் முன் பார்க்க வேண்டியவை

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்துபோன மறுவாரம், எங்கள் தெருமுனையில் ஒரு வீட்டு வளாகத்துக்குள் சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுத்துப்போட்டவர்கள், "வேணும்னா எடுத்துக்குங்க சார், காசு ஒண்ணும் வேணாம்" என்றார்கள். வீட்டில் வெந்நீர் அடுப்பு இருந்தது. ஒரு மாதத்தில் பொங்கல் வரவிருந்தது. யோசிக்காமல் குட்டி யானைக்குச் சொல்லி அனுப்பி, ஒரு வண்டிக் கட்டையை இறக்கிக்கொண்டேன். விறகு பிளக்க வந்த பெரியவர் மூன்று கட்டைகளில் கோடாரியைச் சிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் அதைப் பிடுங்கி எடுப்பதற்கே பாதி நேரத்தைச் செலவிட்டபின், "இது பிளக்குற மரம் இல்லீங்க, அறுக்குற மரம்" என்று சொல்லிக் கூலியில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பொங்கலன்று பானை பொங்குவதற்குள் வீட்டிலிருந்த அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தோம். மீதிக் கட்டைகள் சுற்றுச்சுவரை ஒட்டிக் கிடந்து, அடுத்த மழைக்காலத்தில் கரையானைக் கொல்லைக் கதவின் நிலைக்கே அழைத்து வந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். எனக்குச் சுண்டைக்காய் சும்மா கிடைத்திருந்தும் கணக்கு உதைத்தது.

அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடலாம். சமையல் எரிவாயு கிலோவுக்கு ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் தருகிறது. காற்றில் நன்றாக உலர்ந்த விறகு 15 மெகாஜூல் அளவில் தருகிறது. கேஸ் அடுப்பு தன் வெப்பத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் சேர்க்கிறது; திறந்த கல் அடுப்போ பத்தில் ஒரு பங்கையோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோதான் சேர்க்கிறது. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையைச் செய்ய 200 முதல் 250 கிலோ வரை உலர்ந்த விறகு வேண்டும் என்று தெரிகிறது. குட்டி யானையில் முக்கால் டன் ஏற்றலாம். அது அப்போதுதான் வெட்டிய பச்சைக் கட்டையாக இருந்தால் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்; உலர்ந்து முடிந்தபின் மிஞ்சுவது அரை டன்னுக்கும் குறைவு, அதாவது இரண்டு சிலிண்டருக்குச் சமம். ஆகவே வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, அறுக்கும் கூலி, பிளக்கும் கூலி ஆகியவற்றைக் கூட்டி, இரண்டு சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலி மிஞ்சினால், விறகடுப்பில் வைத்த பிரியாணியின் மணத்துக்காக அந்தப் பணத்தைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கலாம், அது தவறில்லை. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பதுதான் தவறு. நடந்து போய்க் கையில் அள்ளி வரும் தூரத்தில், அடுப்பில் நேராக வைக்கும் அளவில், உலர்ந்து கிடக்கும் விறகுக்கு மட்டும் இந்தக் கணக்குத் தேவையில்லை.

கூலி கட்டுபடியாகும் என்று தெரிந்தால், அடுத்து விசாரிக்க வேண்டியது மரத்தின் ஜாதியைவிட அதன் பூர்வீகத்தை. மரமாக நின்றதா, கதவாக இருந்ததா, பெட்டியாக வந்ததா என்று கேளுங்கள். கதவு, ஜன்னல், கட்டில் எதுவாயினும் பெயின்ட் பூசியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஏழெட்டுக் கை பூசப்பட்ட பழைய கதவில் என்ன இருக்கிறது என்று மேல்பூச்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை எரித்தால் ஈயத்தின் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கவும் முருங்கைக்கு உரமாகவும் எடுப்பது நம் வழக்கம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு, மேலே மைக்கா ஒட்டிய அலமாரிப் பலகை ஆகியவை மரம்போலத் தோன்றினாலும் பசையால் ஒட்டிச் செய்தவை. எரியும்போது மூக்கை அறுக்கும் நெடி அந்தப் பசையிலிருந்து வருவது. போகிக்கு முன் வாசலில் குவியும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதால், அந்த வாரத்து இலவசத்தை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பழைய ரயில் சிலீப்பர் கட்டையில், மரம் இற்றுப்போகாமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். கருத்து, தார் வாசனை அடிக்கும் எந்தக் கட்டையும் அடுப்புக்கு ஆகாது. தொழிற்சாலைகளின் பழைய கூலிங் டவர்களிலிருந்து கழற்றிய மரத்தில் கரையானும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். வெட்டுமுகத்தில் பச்சை சாயல் தெரியும், ஆனால் வெயிலில் பல ஆண்டுகள் நின்ற கட்டையில் அந்தச் சாயல் வெளுத்துப்போயிருக்கலாம். காசிமேட்டுப் பக்கம் உடைக்கும் பழைய படகுப் பலகையில் உப்பும் பெயின்ட்டும் சேர்ந்தே இருக்கும். உப்பேறிய மரம் எரியும்போது நச்சு வாயுக்கள் கூடுவதோடு அடுப்பின் இரும்பும் அரித்துப்போகும். சென்ட்ரிங் பலகையில் சிமென்ட்டும், கான்கிரீட் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெயும் ஊறியிருப்பதால் அதையும் தள்ளிவிடலாம். அதே கட்டடத்தில் முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கழிகள் மட்டும் சுத்தமாக இருந்தால் முதல் தர விறகு.

தொழிற்பேட்டைகளில் இலவசமாகக் கிடைக்கும் பேலட்டை, அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வந்த பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில், கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னத்தின் அருகே சூடுபோட்டதுபோல ஆங்கில எழுத்துகள் பதித்திருக்கும். முதலில் நாட்டின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், பிறகு ஓர் எண், அதன்பின் பூச்சி ஒழிக்கக் கையாண்ட முறை. எச்.டி. என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் அந்தச் சூட்டிலேயே இருக்கும்படி வெப்பமூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மருந்து ஏதும் இல்லை, எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது, விட்டுவிடுங்கள். முத்திரை எச்.டி. என்றிருந்தும் பலகையில் எண்ணெய்க் கறையோ இரசாயன நெடியோ இருந்தால், அதன்மேல் என்ன கொட்டியது என்பது நமக்குத் தெரியாது. முத்திரையே இல்லாத உள்நாட்டுப் பேலட்டைக் கொடுப்பவரிடம் அதில் என்ன சரக்கு வந்தது என்று கேட்டு முடிவுசெய்யலாம். ஆணிகளை எண்ணி மாளாது. உடைத்த இடத்தைக் காந்தத்தால் துழாவுங்கள், அடுப்புச் சாம்பலையும் காந்தம் விட்டுக் கிளறிய பிறகே செடிக்குப் போடுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடு இடிக்கும் இடத்தில் பெயின்ட் படாத உத்திரமோ கைமரமோ கிடைத்தால் ஒரு சிராயைச் சீவி முகர்ந்து பாருங்கள். பர்மா தேக்காக இருந்தால் அதை எரிப்பது பாவம். பழைய மரம் வாங்குகிறவர்கள் தரும் விலையில் பொங்கலுக்கு வேண்டிய சவுக்கை விறகுக்கடையிலேயே வாங்கிவிடலாம்.

மரமாக நின்றதுதான் என்றால் இப்போது ஜாதியைப் பார்க்கலாம். சவுக்குக்கு மிஞ்சிய விறகு இந்த ஊரில் இல்லை. சற்று ஈரமாக இருந்தாலும் எரியும், தணல் நிற்கும். வேலிக்காத்தானும் அப்படித்தான், முள்ளுக்குப் பயந்தவர்கள் மட்டும் விடலாம். புளி நன்றாகக் கனலும், ஆனால் பிளப்பவரின் முதுகு தாங்க வேண்டும். மா, வேம்பு, புங்கை, பூவரசு ஆகியவை உலர்ந்திருந்தால் குறையில்லை. வேப்பம்புகையின் கசப்பு நெடி சாப்பாட்டில் ஏறும் என்று நினைப்பவர்கள் அதை வெந்நீருக்கு வைத்துக்கொள்ளலாம். நம் தெருக்களில் புயலுக்கு முதலில் விழும் மயில்கொன்றை, நெட்டிலிங்கம், முருங்கை, இலவம் ஆகியவை காய்ந்தால் கனமே இல்லாமல் போகும். தாள்போல எரிந்து அடங்கிவிடும் அவற்றுக்கு வண்டி வாடகை கொடுக்காதீர்கள். தென்னையின் அடிமரம் ரம்பத்தின் பல்லை மழுக்கும். மட்டை, பாளை, கொட்டாங்குச்சியை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். அரளி, தங்கரளி இரண்டின் எல்லாப் பாகமும் நஞ்சு. ஒரு குச்சிகூடக் குவியலில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளில் எளியது வெட்டுமுகத்தைப் பார்ப்பது. உலர்ந்த கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும், நிறம் மங்கியிருக்கும், பட்டை நகத்தால் நெம்பினாலே பெயரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் ஈரம், அல்லது உள்ளே இற்றுப்போயிருக்கிறது. வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருப்பதும் உண்டு என்பதால், ஒன்றையாவது பிளந்து உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் தண்ணீர் இருக்கிறது. கையளவு நீளமுள்ள துண்டின் ஒரு முனையில் சோப்பு நீரைத் தடவி மறுமுனையிலிருந்து ஊதினால், நுண்குழல்கள் திறந்திருக்கும் உலர்ந்த மரத்தில் பல சமயம் நுரை எழும். எழாததை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். எனக்கு நம்பிக்கையானது தராசுதான். மணிக்கட்டுப் பருமனில் பிளந்த ஒரு துண்டை எடைபோட்டு, எண்ணைக் கட்டையிலேயே எழுதி, மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் வைத்து மறுபடி எடைபோடுங்கள். 800 கிராம் 760 ஆனால் அந்தக் குவியல் ஏற்கெனவே உலர்ந்தது. 550 ஆகி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அது அடுத்த ஆண்டு விறகு. கொடுப்பவர் ஒரு வாரம் பொறுக்க மாட்டார் என்றால், பிளந்த துண்டு ஒன்றை அவர் முன்னாலேயே பற்றவைத்து, மறுமுனையில் நீர் கொதித்து நுரைக்கிறதா என்று பாருங்கள்.

சென்னையில் விறகு விழுவது ஐப்பசி, கார்த்திகை மழையிலும் புயலிலும். காய்வது தைக்குப் பிறகு. மார்கழியில் வாங்கிய பச்சைக் கட்டை தைப்பொங்கலுக்கு ஒருநாளும் ஆகாது. பிளந்து அடுக்கினால் பங்குனி, சித்திரையைத் தாண்டி, மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் கத்தரி வெயிலும் பட்டபின் ஆகும். அதுவரை அடுக்கிவைக்க இடம் இல்லாதவர்கள் ஈர விறகை வாங்கவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இடத்தோடு, மேல்வீட்டுக்காரரின் பொறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாலையோரத்தில் விழுந்த மரம் மாநகராட்சியுடையது. அறுப்பவர் "எடுத்துக்குங்க" என்றாலும் வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. யார் வீட்டுத் தோட்டத்தில் விழுந்ததாக இருந்தாலும் சந்தனம், செம்மரம் என்று சந்தேகம் வந்தால் தொடாதீர்கள்.

எடுப்பது என்று முடிவானால், ஏற்றும் முன் ஒவ்வொரு கட்டையையும் புரட்டுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. குவியலின் அடியில் தேளும் பூரானும் இருக்கும், சில நேரம் பாம்பும் இருக்கும். பட்டையில் மண் கோடு ஓடியிருந்தால் கரையான், மாவுபோலத் தூள் கொட்டினால் வண்டு. அந்தக் கட்டைகளை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததைச் சுவரிலிருந்து எட்டத்தில், செங்கல்லோ இரும்புச் சட்டமோ கொடுத்துத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிய விறகு உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வர்தா கட்டைகளுக்கு நான் செய்தது அதுதான்.