வந்து வந்து போகும் மின்பழுது: ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விளக்கு எரியவே இல்லையென்றால் வேலை சுலபம். மேடு பள்ளத்தில் ஒருமுறை அணைந்து, ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்ததும் சமத்தாக எரிந்தால்தான் தலைவலி. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. காடு, மேடு, சேறு, ஓடை என்று போகும் வண்டிகளில் இந்த லூஸ் காண்டாக்ட் வகையறா அதிகம். அதைத் தேடுகிற முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, பழுது இல்லாத நேரத்தில் சோதித்துவிட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று முடிவுக்கு வருவது. மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை உண்டு. இன்ஜின் சூடாக இருந்ததா, மழையா, வண்டியைக் கழுவிய மறுநாளா, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோதா, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோதா? கடைசிக் கேள்வியின் பதில் 'ஆமாம்' என்றால் பாதி வேலை முடிந்தது. சக்கரம் தொங்கும்போது மட்டும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதென்றால், அந்தச் சக்கரத்தின் வேக சென்சாருக்குப் போகும் ஒயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் போட்ட வண்டிகளில் சஸ்பென்ஷன் கூடுதலாக இறங்கும், ஒயரின் நீளமோ பழையதுதான். வெளியே ரப்பர் உறை புதிதுபோல இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

அடுத்தது அவசரம். வந்ததும் பேட்டரியைக் கழற்றுவது, ஸ்கேனரை மாட்டிய கையோடு, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளை, அதாவது எரர் கோடுகளை, அழிப்பது. கோடு பதிவான நொடியில் வேகம் என்ன, சூடு என்ன என்ற விவரத்தையும் பல வண்டிகள் சேர்த்தே சேமிக்கின்றன. அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோடில் ஒரு சென்சாரின் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அந்த சென்சாரை வாங்கி மாட்டாதீர்கள். கோடு காட்டுவது அந்த சர்க்யூட்டை. ஒயர், கனெக்டர், மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையான எர்த் எல்லாமே அதில் அடக்கம். சம்பந்தமில்லாத பத்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்திருந்தால் வோல்டேஜைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வரை இருக்கும்.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய ஏமாற்றுக்காரன் மல்டிமீட்டரின் 'பீப்' சத்தம்தான். இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் உற்சாகமாகக் கூவும், ஓம் அளவும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். மீட்டர் அனுப்பும் மின்சாரம் அவ்வளவு சிறியது. லோடு கொடுத்து, அதாவது நிஜமாகவே மின்சாரம் இழுக்கும் ஒன்றை மாட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சந்தேகப்படும் ஒயரை இரு முனையிலும் கழற்றி, அதன் வழியாக ஒரு 21 வாட் பல்பை எரிய விடுங்கள். அது இழுப்பது ஏறத்தாழ 1.75 ஆம்பியர். பல்பு மங்கினால் ஒயரில்தான் கோளாறு. கம்ப்யூட்டர் யூனிட்டில் மாட்டியிருக்கும் ஒயரில் இதைச் செய்யக் கூடாது. ஏர்பேக் ஒயர்கள் பக்கமே, பெரும்பாலும் மஞ்சள் கனெக்டரோடு இருப்பவை, பல்பையோ மீட்டரையோ கொண்டு போகாதீர்கள்.

எர்த்தையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்ட்கள் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேசிஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே எர்த் கேபிளைத் தவிர மின்சாரத்துக்கு ஒழுங்கான பாதை இல்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த கேபிளையும் அதன் போல்ட் உட்காரும் இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் லேசாகக் கண்சிமிட்டுகிறதா? அதுவும் எர்த் வேலைதான்.

தேடும்போதே புதுப் பழுதை உண்டாக்குவதும் நடக்கிறது. கனெக்டரில் பின் நுழையும் பெண் முனைக்குள் மீட்டர் ஊசியைத் திணித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிந்துவிடும். திரும்ப மாட்டும்போது 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், ஆனால் பின்னைத் தகடு கவ்விப் பிடிக்காது. அதே அளவுள்ள ஒரு தனிப் பின்னை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், லேசான பிடிமானம் தெரிய வேண்டும். ஒயரின் தோலில் ஊசி குத்துவதும் அப்படியே. அடுத்த ஓடையைக் கடக்கும்போது அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு பிடித்து, அது ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போகும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. சூடாக இருக்கும் கனெக்டர் திடீரென்று குளிர்ந்த நீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். பழுதோ சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் 'அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். ஃபோர் வீல் விளக்கு மட்டும் சிமிட்டுகிறது, ஆனால் முன் சக்கரங்கள் ஒழுங்காக இழுக்கின்றன என்றால் இன்ஜின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும் முன் அதன் மேல் இருக்கும் சிறிய ஸ்விட்சின் கனெக்டரைத் திறந்து பாருங்கள். சேற்றுத் தண்ணீர் சேர அதைவிட வசதியான இடம் கிடையாது.

பிறகு பொருத்திய சமாச்சாரங்களைக் கடைசியில் பார்ப்பதும் தவறு. சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், லைட் பார், கூடுதல் ஹாரன் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இவற்றுக்கு மின்சாரம் எடுக்க, ஒயரை வெட்டாமல் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் சில இழைகளை அறுத்துவிடும், ஈரத்தையும் உள்ளே விடும்.

எப்போதாவது ஃப்யூஸ் போகிறதென்று பெரிய ஃப்யூஸ் போடுபவர்களை என்ன சொல்வது! ஃப்யூஸுக்குப் பதில் ஒயரே எரியும். விளக்கு, ஹாரன் மாதிரி சாதாரண சர்க்யூட் என்றால், லோடைக் கழற்றிவிட்டு ஃப்யூஸ் இருந்த இடத்தில் அதே 21 வாட் பல்பைக் கோர்த்து, ஒயர் கட்டை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில்தான் ஒயர் இரும்பில் உரசி ஷார்ட் ஆகிறது. பாடியின் விளிம்பு, சேசிஸ் துளை, கதவுக் கீலருகே உள்ள ரப்பர் குழாய் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

எல்லாக் கனெக்டரையும் ஒரே மூச்சில் கழற்றித் துடைத்து மாட்டினால் பழுது போய்விடலாம். எது காரணம் என்று தெரியாது, மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒன்றைச் சரிசெய்யுங்கள், பழுது எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலில் ஓட்டுங்கள், அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள்.