பக்கத்து வீட்டுப் பட்டறை மேல் புகார் எழுதுவது எப்படி

"வீட்டிலேயே தொழில் நடத்துகிறார், நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் சேலத்தில் அந்த மனு நகராது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி என்று தெருத்தெருவாக வீட்டுக்குள்தான் பிழைப்பு ஓடுகிறது, மனுவைப் படிக்கிற அதிகாரிக்கும் இது தெரியும். தொழிலை விடுங்கள், எந்த விதி மீறப்பட்டது என்பதை எழுதுங்கள்.

முதலில் தொந்தரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் காலியாக விட வேண்டிய இடத்தில் ஷீட் போட்டு மறைத்தது, குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டுத் தரைத்தளம் முழுக்க மெஷின் இறக்கியது, இதெல்லாம் உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவுக்கு. அமில நெடி, கழிவு சாக்கடையில் விடுவது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். ராத்திரி தறிச் சத்தத்துக்குப் போலீஸிலும் கொடுக்கலாம்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை 45. எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்தால், இவர் அங்கே போ என்பார், அவர் இங்கே போ என்பார்.

மனுவுக்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் கதவு எண்ணுக்குக் கட்டட அனுமதி உண்டா, எந்தப் பயன்பாட்டுக்கு, ஆணையின் எண், தேதி, வரைபட நகல், தொழில் உரிமம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்பது தகவல் கேட்பது ஆகாது, அதைச் சாக்காக வைத்தே திருப்பி விடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வரைபடம் மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது என்று இழுப்பார்கள், அதற்கும் மேல்முறையீடுதான்.

பதில் கையில் வந்ததும் மனு இப்படி இருக்கட்டும்: "மேற்படி கதவு எண்ணுக்குக் குடியிருப்புக்கென வழங்கப்பட்ட அனுமதிக்கு மாறாக, வடக்குப் பக்கம் விட வேண்டிய இடத்தில் தகரக் கூரை அமைத்துப் பட்டறை நடைபெறுகிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 56, 57-இன் கீழ் இடத்தை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." கூடவே தேதி போட்ட நாலு போட்டோ, அனுமதி வரைபட நகல். அவர் குணம், பழைய வாய்க்கால் சண்டை எதுவும் வேண்டாம். நகலில் முத்திரை வாங்காமல் கிளம்பாதீர்கள். அப்புறம் அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள், அங்கே தருகிற மனு எண்ணைச் சொல்லிப் பின்தொடரலாம்.

வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டுகிறார் என்று மின்வாரியத்தில் போட்டுக் கொடுக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். அபராதம் விழும்தான், ஆனால் சத்தம் நிற்காது, பகைதான் மிஞ்சும், நான் செய்யமாட்டேன்.

மாநகராட்சியே தெரிந்து அனுமதி கொடுத்திருந்தால் மனு பயன்படாது. அதே 1971 சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, அதற்குக் காலக்கெடு இருப்பதால் ஆணை நகலை உடனே வக்கீலிடம் காட்டுங்கள். ஏற்காட்டில் பக்கத்து வீடு ஹோம்ஸ்டே ஆகிறது என்றால் ஊராட்சி அனுமதியோடு ஹாகா (HACA, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதியும் உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள், மலையில் முக்கியமான கேள்வி அதுதான்.

எதுவும் நகரவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் பொதுத் தொல்லை என்று மனு போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 152. ஆனால் தெருவில் மற்ற வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் ஒரு வீட்டுத் தொந்தரவு மட்டும் பொதுத் தொல்லை ஆகாது. யாரும் போடவில்லையா, சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்பதுதான் வழி.