வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்களுக்கு

ஊரில் பெற்றோர் விட்டுச் சென்ற சிறு சொத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வக்கீல் தேவையில்லை என்று இப்போதும் சொல்வேன். மூன்று வாரம் போதும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சிவகங்கைப் பக்கத்தில் அப்பா விட்டுச் சென்றவை ஓர் ஓட்டு வீடும், நாமினி பெயர் எழுதாமல் வங்கியில் போட்டிருந்த மூன்றரை லட்சம் ரூபாயும்தான். உயில் எதுவும் இல்லை. (அப்படி இருந்திருந்தாலும், சென்னைக்கு வெளியே எழுதப்பட்டு, சென்னையிலுள்ள வீடு நிலத்தைத் தொடாத இந்து உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று, கட்டாயமாக இருந்ததில்லை. இது தெரியாமலேயே பலர் பயந்து செலவழிக்கிறார்கள்.)

புறப்படும் முன்பே வங்கிக் கிளைக்கு எழுதி, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்றிதழ்; இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களுக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தருவது இறங்குரிமைச் சான்றிதழ். தொகை சிறியதாகவும் வாரிசுகளுக்குள் தகராறு இல்லாமலும் இருந்தால், முதலாவதையும், பின்னால் வேறு யாரும் உரிமை கோரினால் இழப்பை நாங்களே ஈடுசெய்வோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரத்தையும் வைத்தே வங்கிகள் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிடுகின்றன.

நான் சறுக்கியது விண்ணப்பத்தில். இ-சேவை மையத்தில் என் பெயரையும் தங்கை பெயரையும் மட்டும் எழுதினேன். அம்மா முன்பே காலமாகியிருந்தார். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு, ஒன்பதாம் நாள், இறந்தவரின் தாயார் உயிருடன் இருக்கிறாரே என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி மக்களைப் போலவே இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே எங்கள் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அப்பத்தாவுக்கு. விண்ணப்பம் போடக் கிளம்பிய காலையில் அப்பத்தா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டித்தான் போனேன்.

அதன்பின் எல்லாம் அப்பத்தாவைச் சுற்றியே நடந்தது. ஆதாரில் ஒரு பெயர், அப்பாவின் பழைய பத்திரத்தில் வேறு பெயர். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. எண்பத்தெட்டு வயது விரலின் தேய்ந்த ரேகையைக் கருவி எடுக்கவில்லை. துடைத்துத் துடைத்து ஐந்து முறை வைத்தார். மாடியிலிருந்த அலுவலக அறைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிப் போனோம். எத்தனை பிள்ளைகள் என்று எழுத்தர் கேட்டதும் "ரெண்டு பேரு" என்றார், அப்பாவையும் சேர்த்து. இறந்தவரைப் பற்றித்தான் மனு என்று சொல்ல வாயெடுத்த எழுத்தர் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுதிக்கொண்டார்.

அப்பத்தா கைநாட்டு வைப்பதற்கு முன் அவருடைய பங்கைத் தன் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்றார் சித்தப்பா. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஐந்து வருடம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர், பணம் மட்டும் அனுப்பியவன் நான். இப்படிக் கேட்கிறவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வாரிசுச் சான்றிதழ் யார் பங்கையும் யாருக்கும் மாற்றிவிடாது. அப்பத்தா மனமுவந்து தர விரும்பினால், சார்பதிவாளர் முன்னிலையில் செட்டில்மெண்ட் பத்திரம் பதிய வேண்டும். வெறும் தாளில் வாங்கிய கையெழுத்தால் வீடு கைமாறாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்கில் நாமினி பெயர் இருந்தாலும் அவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவரே. காப்பீட்டுத் தொகை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே இதைச் சொன்னது; ஆனால் காப்பீட்டுக்கு மட்டும் 2015இல் சட்டம் மாறி, பெற்றோரோ கணவன் மனைவியோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே என்றானது. இறப்புச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டதால் அதற்கும் ஓர் உறுதிமொழி எழுதினேன். விடுமுறை முடிந்தும் வேலை முடியாது என்று தெரிந்தால், வெளிநாட்டிலேயே பவர் பத்திரம் எழுதி, தூதரகச் சான்றோ, அந்நாட்டு அரசு தரும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரையோ பெற்று அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

நான் விமானம் ஏறிய பிறகுதான் சான்றிதழ் வந்தது, மூன்று பெயர்களோடு. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, தங்கை அலைந்துகொண்டிருக்கிறாள்.