பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் பிரேக் விடாமல் பிடித்தால்: பழுதைக் கண்டறியும் முறை

வழியில் பிரேக் பிடித்துக்கொண்டு நகர மறுத்த வண்டி, பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஒன்றுமே நடவாததுபோல் உருளும். சூடு தணிந்ததும் பிரேக் ஆயில் சுருங்கி, குழாய்களில் சிக்கியிருந்த அழுத்தம் இறங்கிவிடுவதே இதற்குக் காரணம். தடயம் மறைந்த பிறகு மெக்கானிக் செய்யக்கூடியது ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் பழைய லேண்ட் ரோவரையோ, லேண்ட் குரூசரையோ, ஹைலக்ஸ் பக்கியையோ (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் இந்தச் செலவைத் தவிர்க்க விரும்பினால், பிரேக் பிடித்திருக்கும் அந்த நேரத்திலேயே, அழுத்தம் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்பதைச் சோதித்தறிய வேண்டும்.

அதற்கு முன், இழுப்பது பிரேக்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். லெசோத்தோ எல்லைக்கு ஏறும் சானி கணவாயின் கற்பாதையில் ஏறி இறங்கியவர், நான்கு சக்கர இயக்கத்தை விடுவிக்க மறந்து தார்ச்சாலையில் ஓட்டினால், வளைவுகளில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் இடையிலுள்ள தண்டுகளில் முறுக்கு ஏறி, வண்டி பிரேக் பிடித்ததைப் போலவே திணறும். இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளிலும், அதைப் பூட்டியபடி ஓட்டும் வண்டிகளிலும் வரும் தொல்லை இது. சிறிது பின்னோக்கி உருட்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட்பிரேக்கின் டிரம் சக்கரத்தில் இல்லை, இயக்கத்தை இரு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. அது உரசினால் சக்கரங்கள் அனைத்தும் குளிர்ந்தே இருக்க, வண்டி மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும்.

இனிச் சோதனைக்கு வரலாம். போக்குவரத்து குறைந்த சமமான சாலையில், பழுது வெளிப்படும்வரை ஓட்டிவிட்டு, கூடியவரை பிரேக்கை மிதிக்காமல் கியராலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே வேறுபாடு தெரியும். தொடக்கூடாது. எண்ணைவிட ஒப்பீடே முக்கியம்: ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பழுது பெரும்பாலும் அந்தச் சக்கரத்திலோ அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸிலோ இருக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுட்டால், திட அச்சுள்ள வண்டிகளில் இரண்டுக்கும் பொதுவாக மேலிருந்து இறங்கும் ஒற்றை ஹோஸையும், பின்புற ஹேண்ட்பிரேக் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். நான்கும் சுட்டால் சக்கரங்களை விட்டுவிட்டு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டரிடம் போங்கள்.

இணைப்புகளைத் திறக்கும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். எந்த ஒரு நிப்பிளைத் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) திறந்தாலும் அந்தச் சுற்றில் சிக்கிய அழுத்தம் வெளியேறிவிடும். பிறகு மேலே என்ன இருந்தது என்பதை அறிய வழியில்லை. ஆகவே மேலிருந்து கீழாக வர வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சுடும் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, முதலில் ஹோஸுக்கு மேலே உலோகக் குழாய் சேரும் இணைப்பை ஃபிளேர் ஸ்பேனரால் சற்றே தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலிருந்து வருகிறது. விடுபடவில்லையென்றால் இப்போது சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்தான்: வெளியே நல்ல நிலையில் தோன்றினாலும் உள்ளே ரப்பர் உரிந்து, காலின் வலிமையால் வரும் ஆயிலை உள்ளே விட்டு, திரும்பி வருவதைத் தடுக்கிறது. நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால், ஆயிலுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. டிரம்மையோ, டிஸ்க் பிரேக்கானால் பேட்களை அழுத்தும் காலிப்பரையோ பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கரங்களும் பிடித்திருந்தால், முதலில், கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றுங்கள். உடனே பிரேக் விட்டால் பூஸ்டரின் உள் வால்வு ஒட்டிக்கொள்கிறது. இல்லையெனில், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டருடன் பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்திச் சிலிண்டரைச் சில மில்லிமீட்டர் முன்னே நகர்த்துங்கள். அப்போது விட்டால், சிலிண்டரைத் தள்ளும் தண்டு நீளமாக இருக்கிறது அல்லது பெடல் முழுமையாகத் திரும்பவில்லை. பெடலின் மேலே உள்ள பிரேக் விளக்கு ஸ்விட்ச் பல வண்டிகளில் பெடலுக்குத் தடையாகவும் அமைந்திருக்கும்; அதை யாரோ அதிகமாகத் திருகி இறக்கியிருப்பது நான் முதலில் பார்க்கும் இடம், ஏனெனில் அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. விரலால் பெடலை அழுத்தினால், கையேடு குறிப்பிடும் சில மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்கத்தான் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில், பெடல் மேலே வந்ததும் திறக்கும் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று உண்டு; சூட்டில் பெருகும் ஆயில் அதன் வழியாகத்தான் மேலுள்ள ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிறது. வெற்று அசைவு இல்லையென்றால் உள்ளிருக்கும் ரப்பர் கப் அத்துளையை மூடியே நிற்கும், ஓட ஓட அழுத்தம் ஏறும். நட்டுகளைத் தளர்த்தியும் விடாமல், சிலிண்டரின் வெளிவாய் இணைப்பைத் தளர்த்தியதும் விட்டால், துளை அழுக்கால் அடைபட்டிருக்கிறது அல்லது கப் வீங்கியிருக்கிறது.

வீக்கத்தை அலட்சியம் செய்ய முடியாது. பிரேக் டப்பாவில் யாரேனும் பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஊற்றியிருந்தால், கனிம எண்ணெய் ரப்பர்களையெல்லாம் உப்பச் செய்யும். டப்பா மூடியின் ரப்பர் வீங்கி நெளிந்திருப்பதே முதல் அடையாளம். சிறிது ஆயிலை நீரில் விட்டுக் கலக்குங்கள்: பிரேக் ஆயில் கரையும், எண்ணெய் மிதக்கும். மிதந்தால் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண். ரப்பர் உள்ள எல்லாப் பாகங்களும் போக வேண்டும்.

டிரம்மைப் பிரித்தால், துருவேறிய வீல் சிலிண்டர் பிஸ்டன், சோர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், உறைக்குள் துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். கடற்கரை உப்புக்காற்றில் இவை விரைவில் கெடுகின்றன. நீளமான சீரீஸ் லேண்ட் ரோவரின் முன் டிரம்மில் இரண்டு சிலிண்டர்கள் உண்டு, இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். டிஸ்க்கில் பேட்கள் சமமின்றித் தேய்ந்திருந்தால் பிஸ்டன் ஒன்று உறைந்திருக்கக்கூடும். டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றப்பட்ட வண்டியில், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும், டிரம்முக்கான எச்ச அழுத்த வால்வு குழாயிலேயே விடப்பட்டிருந்தாலும் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

மிதிக்கும்போது மட்டும் ஒரு சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொண்டு, காலை எடுத்ததும் விடுமானால் அது வேறு நோய். அச்சு சீல் கசிந்து, டிரம்மில் உரசும் லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கலாம்; வண்டியை உயர்த்திய பிறகு, பின் அச்சிலுள்ள சுமை உணர் வால்வின் தண்டு சரிசெய்யப்படாமல் விடப்பட்டிருக்கலாம்.

பழைய லைனிங்கின் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கல்நாருக்குத் தடை வந்தது 2008ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய லைனிங்கில் அது இருக்கக்கூடும் என்று கொண்டு, நனைத்துத் துடையுங்கள், முகக்கவசம் அணியுங்கள்.

வழியில் பிரேக் பிடித்துக்கொண்டால், சுடும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும், ஆறவிடுவதே சரி. ஆறியதும் வண்டி உருள்கிறதே என்று மலை இறங்குவது இன்னும் ஆபத்தானது. சானியின் உச்சி 2,800 மீட்டருக்கும் மேலே. அங்கிருந்து இறங்கும் வழியில் உரசும் பிரேக்கின் சூடு ஆயிலுக்கு ஏறும். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4இல் இவை 230, 155. ஆயில் கொதித்து ஆவி உண்டானால், விடாமல் பிடித்த பிரேக்கே பிடிக்காத பிரேக்காக மாறிப் பெடல் தரையைத் தொடும். எனவே ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பழுதை நீக்கி, காற்றை வெளியேற்றிய பின், அதே சமமான சாலையில் அதே தொலைவு ஓட்டி, முன்பு குறித்த அளவுகளுடன் புதிய அளவுகளை ஒப்பிடுங்கள். பைன்டவுனை நோக்கி இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற சரிவுகளை, இரு பக்கச் சூடும் ஒத்துவந்த பிறகே முயலலாம்.