ஓடுகிற பார்லரை வாங்கும் முன் அட்டைகளை எண்ணுங்கள்

ஊரில் பார்லர் வைத்திருந்து, கணவர் வேலைக்காக இங்கே சிங்கப்பூருக்கு வந்து, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் "அக்கா, தேக்கா பக்கம் சின்னதா ஒரு கடை போடலாமா?" என்று கேட்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தேக்கா என்றால் இங்கே நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா வட்டாரம். தாராளமாகப் போடலாம். த்ரெட்டிங் நூல் கையில் நன்றாக ஓடுகிறவளுக்கு இங்கே வேலை கிடைக்கும். ஆனால் நான் 28,000 வெள்ளி கொடுத்துப் படித்த பாடத்துக்கு நீங்களும் காசு கட்ட வேண்டாம்.

பதிவு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கை வைத்து, தொழில் பதிவு செய்யும் பிஸ்ஃபைல் தளத்துக்குள் போனால் கடைப் பெயருக்கு 15 வெள்ளி, தனி உரிமையாளராக ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. பிரைவேட் லிமிடெட் என்றால் பெயர் போக 300. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் இங்கே தங்கியிருக்கும் அனுமதி, அதாவது பாஸ், எது என்று பாருங்கள். கணவரின் வேலை அனுமதியை ஒட்டிக் கிடைக்கும் டிபெண்டன்ட் பாஸில் இருந்தால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் கத்தரியைக்கூடத் தொடாதீர்கள். அதற்கு நீங்கள் தனி உரிமையாளராகவோ, கூட்டாளியாகவோ, குறைந்தது 30 விழுக்காடு பங்குள்ள இயக்குநராகவோ இருக்க வேண்டும். கூடவே ஒரு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ வேலைக்கு வைத்து, குறைந்தது மூன்று மாதம் மத்திய சேமநிதி கட்டியிருக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்று நான் பி.ஆர். என்ற நிரந்தரவாசத் தகுதி கிடைக்கும் வரை காத்திருந்தேன்.

"ஊரிலிருந்து நம்ம பொண்ணு ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துடலாம்" என்ற கணக்கைப் போடாதீர்கள். சேவைத் துறையில் இந்தியாவிலிருந்து பியூட்டிஷியனை வொர்க் பெர்மிட்டில் எடுக்க முடியாது. அதற்கு அடுத்த படியான எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. அதற்கும் உள்ளூர் ஆட்கள் இத்தனை பேருக்கு ஒருவர் என்ற ஆட்கணக்கு உண்டு, இரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு அந்தக் கணக்கு எட்டாது. உடம்பு மசாஜ் சேர்க்க ஆசைப்பட்டால் அது போலீஸ் உரிமம் கேட்கும் தனித் தொழில். முதல் கடையில் வேண்டாம்.

நான் முதலில் பார்த்த கடை வெள்ளைக்காரர்கள் அதிகம் வரும், தோலைப் பழுப்பாக்கும் ஒரு டேனிங் சலூன். இரண்டு புற ஊதா விளக்குப் படுக்கைகள், சவப்பெட்டி மூடி மாதிரி திறக்கும். "மெஷினோட தர்றேன்" என்றார்கள். விசாரித்தால், அந்த விளக்குகளை வைத்திருக்கவே தேசியச் சுற்றுப்புற அமைப்பின் உரிமம் வேண்டும், படுக்கை கைமாறினால் உரிமம் கூடவே வந்துவிடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கைகளை 2009இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்யவே தடை. தோல் தொழில் செய்கிறவள் நான், மனசு ஒப்பவில்லை. நிறம் ஏற்றியே ஆக வேண்டுமென்று கேட்கும் வாடிக்கையாளர் உங்களுக்கு வந்தால் ஸ்ப்ரே டேன் போதும். அது மேல்தோலின் இறந்த அடுக்கில் மட்டும் பிடித்து, ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும்.

அதை விட்டுவிட்டு வந்தபோதுதான் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் நம் ஊர்க்கார அம்மா ஒருவர் நடத்திய பார்லர் கைமாறுவதாகக் கேள்விப்பட்டேன். மூன்று நாற்காலி, இரண்டு ஃபேஷியல் படுக்கை, வாசலில் மல்லிகைச் சரம் போட்ட பிள்ளையார். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது அவர் குரல். "லீஸ் கம்பெனி பேர்ல இருக்கும்மா. புதுசா எழுதப் போனா ஓனர் வாடகையை ஏத்திடுவாரு. நீ ஷேரை மட்டும் உன் பேருக்கு மாத்திக்க, நாளைக்கே கடையைத் திறக்கலாம்" என்றார்.

ஊரில் ஒரு கடையைக் கைமாற்றி வாங்கினால் சாமானுக்கும் குட்வில்லுக்கும் பேசுவோம், பழைய ஆளின் கடன் பழைய ஆளோடு போய்விடும். அதே நினைப்பில் இருந்தேன். ஆனாலும் கவனமாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்து, 5 வெள்ளி 50 காசு கட்டி, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவிலிருந்து கம்பெனி விவரத் தாளை எடுத்துப் பார்த்தேன். இயக்குநர் பெயர், பங்கு, முகவரி எல்லாம் சுத்தம். பணத்தைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு மலாய் அக்கா வந்தார். பையிலிருந்து ரோஸ் நிற அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பத்துக் கட்டம், நாலில் ஓட்டை போட்டிருந்தது. "ஆறு ஃபேஷியல் பாக்கி இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் இன்னொருவர். அந்த வாரக் கடைசியில் உள்ளறையில் துண்டு அடுக்கும் அலமாரியைத் துழாவியபோது ஒரு நீலக்கரை நோட்டு கிடைத்தது. வரிசையாகப் பெயர், தேதி, வாங்கிய பணம். 63 பேர், 410 முறை பாக்கி. பணம் முழுவதும் முன்கூட்டியே வாங்கிச் செலவாகியிருந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். அந்த வழக்கறிஞர் கால் மணி நேரத்தில் புரியவைத்தார். கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அட்டை விற்றது அந்த அம்மா இல்லை, கம்பெனி. பங்கு யார் கைக்குப் போனாலும் கம்பெனி அதே கம்பெனிதான், அது வாங்கிய கடனும் அதனுடையதுதான். நான் நாற்காலியையும் படுக்கையையும் மட்டும் விலைக்கு வாங்கி, என் பெயரில் புதிதாகப் பதிந்து, கடை உரிமையாளரிடம் புது லீஸ் எழுதியிருந்தால் அந்த 410இல் ஒன்றுகூட என் தலையில் விழுந்திருக்காது. அந்த அம்மாவிடம் கேட்கலாமென்றால், எங்கள் ஒப்பந்தம் ஒரே பக்கம், அதில் பேக்கேஜ், அதாவது முன்பணம் வாங்கி விற்ற இந்த அட்டைகள், பற்றி ஒரு வரி இல்லை. போனையும் எடுப்பதில்லை.

மறுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மறுத்தால் வாடிக்கையாளர் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவார். 20,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், வக்கீலே வேண்டாம். அதைவிட, நம்பிக் காசு கொடுத்தவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நானும் என்னோடு வேலை செய்த பெண்ணும் ஏழு மாதம் அந்த அட்டைகளுக்கு வேலை செய்தோம். ஒரு ஃபேஷியலுக்கு ஒன்றேகால் மணி நேரம், கிரீம் என் காசு, வாடகை என் காசு. ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். தீபாவளிக்கு ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தேன்.

ஆகவே கைமாற்றி வாங்குவதானால் சாமானை மட்டும் வாங்குங்கள். பங்கு என்ற பேச்சே வேண்டாம். கடைப் பெயரையும் மாற்றுங்கள். புது லீஸில் வாடகை கூடினாலும் பரவாயில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடை லீஸ்களுக்கு 2024 பிப்ரவரி 1 முதல் கடை உரிமையாளரும் வாடகைக்கு எடுப்பவரும் சட்டப்படி பின்பற்ற வேண்டிய நடத்தை விதி இருக்கிறது, ஓராண்டோ அதற்குக் குறைவோ என்றால் அது உங்களைக் காக்காது. கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி கட்டிவிடுங்கள். லீஸ் முடியும்போது தடுப்புச்சுவர், தண்ணீர்க்குழாய் எல்லாம் பிடுங்கி எப்படி இருந்ததோ அப்படித் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கும். முன்னவர் கட்டியதற்கு நீங்கள் பொறுப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாக்கி பேக்கேஜ் எதுவும் இல்லை, இருந்தால் விற்பவர் பொறுப்பு என்று எழுதி, விலையில் ஒரு பங்கை ஆறு மாதம் வழக்கறிஞர் கையில் நிறுத்திவையுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

போன மாதம் புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி யீஷூனில் ஒரு பார்லரைப் பேசி முடித்துவிட்டதாகப் போன் செய்தாள். பணம் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தக் கடையில் போய் உட்கார், வேலை முடிந்து போகிறவர்களில் எத்தனை பேர் காசு கொடுக்காமல் போகிறார்கள் என்று மட்டும் எண்ணு என்றேன். ராத்திரி எட்டரைக்குச் செய்தி வந்தது: "17 பேர்க்கா. அதுல 11 பேர் அட்டையை நீட்டிட்டுப் போயிட்டாங்க."